கூட்டி வந்தவர்

கீழமாரட் வீதி,
மதுரை.
20-1-1979

தங்கச்சி சீனியம்மாளுக்கு மொக்கையன் எழுதுவது.

சுகம் விசாரிக்க இதை எழுதவில்லை. நான் பார்த்த மாப்பிள்ளையைத் தள்ளிவிட்டு நீ நர்ஸ் படிப்புக்குப் பெட்டியைத் தூக்கிய நாளோடு நமக்குள் பேச்சு நின்றுபோனது. அது நின்றபடியே இருக்கட்டும். இப்போது என் மகள் சோலையம்மாள் நீ வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். அதற்காகத்தான் பேனாவைத் தொட்டேன்.

நேற்று திருநகருக்கு வந்து அவளைப் பார்த்தேன். தலை முழுக்கக் கட்டு. இடது கை மாவுக்கட்டில் இருக்கிறது. ஒரு கண் வீங்கித் திறக்கவே இல்லை. "என்னத்தா ஆச்சு?" என்றேன். "பரண்ல ஏறுனேன்ப்பா, கால் வழுக்கிருச்சு" என்கிறாள், சுவரைப் பார்த்துக்கொண்டு. அலங்காநல்லூருக்கு மேற்கே அவளும் மாப்பிள்ளை சிவனாண்டியும் குடியிருக்கும் வீட்டைக் கட்டிக் கொடுத்தவன் நான். பரண் வைத்தால் எலி சேரும், வேண்டாம் என்று கொத்தனாரிடம் சொன்னவனும் நான். இல்லாத பரணிலிருந்து என் மகள் எப்படி விழுந்தாள்?

டாக்டரம்மாவிடம் கேட்டேன். "யார்கிட்டயும் சொல்ல வேணாம்னு உங்க மக சொல்லிருக்காங்க பெரியவரே. அதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். கட்டில் காலில் தொங்கிய கேஸ் ஷீட்டை நானே எடுத்தேன். நீ வந்து வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். நாலு பேர் பார்க்க, எனக்குச் செருப்படி பட்ட மாதிரி இருந்தது.

பெற்றவனுக்குத் தெரியக் கூடாத காயம் ஒன்று உண்டா? அவளுக்குப் பால்பல் முளைத்த நாள் எனக்குத் தெரியும். அவள் மண்டையை உடைத்தவன் பேர் எனக்குத் தெரியக் கூடாதா?

பதினாலு வயதில் இந்த வீதிக்கு மூட்டை சுமக்க வந்தேன். இன்றைக்கு என் பேரில் புண்ணாக்குக் கடை இருக்கிறது, பருத்திக்கொட்டை குடோன் இருக்கிறது. எவனும் எனக்கு எடுத்துக் கொடுத்தது இல்லை. நானே எடுத்துக்கொண்டது. இதை மட்டும் மரியாதையாகக் கேட்கிறேன். என் மகளை அடித்தது யார்? பேரை மட்டும் எழுது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மொக்கையன்

திருநகர்
22-1-1979

அண்ணனுக்கு,

மிச்சத்தை நீங்கள் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். சந்தையில் உங்கள் தராசில் கை வைத்த ஆளை நீங்கள் பார்த்துக்கொண்டபோது நான் பாவாடை கட்டிய பிள்ளை. அவன் முழங்கால் உடைந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் நர்ஸ் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களிடம் சொன்னதில்லை.

சோலை குழந்தை இல்லை, கல்யாணமான பெண். புத்தி தெளிவாக இருக்கிறது. டாக்டரம்மா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளை விசாரித்தார். நான் பக்கத்தில் நின்றேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள், அவர் எழுதிக்கொண்டார். முடிந்ததும் என் கையைப் பிடித்து, "இது வெளிய போயிராதுல்ல அத்தை?" என்றாள். போகாது என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய் போலீஸ்காரர் வந்தார். அவரிடம் அந்தப் பரண் கதையைச் சொன்னாள். சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம்.

நாங்கள் இதைப் பிடிவாதத்துக்காகச் செய்யவில்லை. எதனால் அடித்தான், எங்கே அடித்தான் என்று நோயாளி உண்மையைச் சொன்னால்தான் வைத்தியம் சரியாக நடக்கும். சொன்னது வாசல் தாண்டும் என்று தெரிந்தால் அடுத்து வரும் பெண் டாக்டரிடமும் பரண் கதையே சொல்வாள். உள்ளே ரத்தம் கட்டியிருப்பது தெரியாமல் நாங்கள் மேலே தைலம் தடவிக்கொண்டிருப்போம்.

பிடுங்கியது பிடுங்கியதுதான். மறுபடி எடுத்தால் மறுபடி பிடுங்குவேன்.

வந்து பாருங்கள். பக்கத்தில் உட்காருங்கள். ஆரஞ்சு உரித்துக் கொடுங்கள். யார் என்று மட்டும் கேட்காதீர்கள். நீங்கள் கேட்டுவிட்டுப் போன அன்று ராத்திரி தூக்கத்தில் அலறினாள்.

சீனியம்மாள்

கீழமாரட் வீதி
25-1-1979

சீனியம்மாளுக்கு,

உன் உபதேசம் வந்து சேர்ந்தது. நீ கொடுக்காவிட்டால் எனக்குக் கிடைக்காதா? உங்கள் வார்டு பாய் வீரணன் எருமை வளர்க்கிறான். ஒரு மூட்டை புண்ணாக்கு அவன் வீட்டு வாசலில் இறங்கியது. சாயங்காலமே கடைக்கு வந்துவிட்டான். டாக்டரம்மா எழுதியதெல்லாம் இங்கிலீஷாம், அவனுக்கு ஓடவில்லை. தாளின் தலைப்பில் ஆபீஸில் எழுதிய ஒரு வரி மட்டும் தமிழில் இருந்ததாம். "கூட்டி வந்தவர்: சிவனாண்டி, கணவர்." எனக்கு அது போதும்.

எங்கள் வீதி வழக்கம் உனக்கும் தெரியும். மூட்டை கிழிந்து வந்தால், எங்கே கிழிந்தது, எவன் கொக்கி போட்டான் என்றெல்லாம் நாங்கள் விசாரிப்பது கிடையாது. கொண்டு வந்து இறக்கிய வண்டிக்காரன்தான் பொறுப்பு. அவன் ஆயிரம் சத்தியம் செய்தாலும் அவன்தான். இத்தனை வருஷ வியாபாரத்தில் இந்த முறை எனக்குத் தப்பியதே இல்லை. என் மகளை முழுசாகத்தான் கொடுத்தேன். கிழிந்து வந்திருக்கிறாள். கொண்டு வந்தவன் சிவனாண்டி.

காரணமும் கையில் இருக்கிறது. பொங்கல் கழிந்து அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு வாடிவாசலில் என் மகன் பால்பாண்டி அவிழ்த்த செவலை மாட்டை இந்தச் சிவனாண்டி அணைந்து பிடித்துவிட்டான். மச்சினன் மாடு என்று தெரிந்தும் திமிலை விடவில்லை. டீக்கடை டீக்கடையாகச் சிரிக்கிறார்கள், "பால்பாண்டி மாடு மாப்ள மடியிலேயே படுத்துருச்சுடா" என்று. அந்தத் தலைக்கனத்தில் குடித்துவிட்டு வீட்டில் கையை நீட்டியிருக்கிறான். பால்பாண்டியும் அதைத்தான் சொல்கிறான். "அந்தாளுக்குத் திமிருப்பா. அக்காதான் பாவம்" என்று கல்லாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தான். கூடப் பிறந்தவன் அல்லவா.

மாட்டை அணைந்த கை, என் மகளை அடித்த கை, இரண்டும் ஒரே கைதானே. அது அவனிடம் இருக்காது.

மொக்கையன்

திருநகர்
27-1-1979

அண்ணனுக்கு,

வீரணனை டாக்டரம்மா நேற்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார். நாலு பிள்ளைக்காரன் வாசலில் நின்று அழுதான். உங்கள் புண்ணாக்கு எருமையைத்தான் கொழுக்க வைக்கும்.

முழுசாகத் தெரியாமல் இருப்பதைவிட அரைகுறையாகத் தெரிவது ஆபத்து, அண்ணே. அத்தனை பக்கங்களில் உங்களுக்குக் கிடைத்தது ஒரு வரி. கூட்டி வருகிறவன் எல்லாம் அடித்தவன் என்றால் எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் தினம் பத்துப் பேரை வெட்ட வேண்டும். மாப்பிள்ளை அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் கிடைக்காமல் கரும்பு லாரியை மறித்து ஏறி, மதுரையைத் தாண்டி இங்கே வந்தார். அவர் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்து யாருக்கு முதலில் கட்டுப் போடுவது என்று நாங்களே குழம்பினோம். பெண்டாட்டியை அடித்தவன் அவள் அத்தை வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியைத் தேடி வருவானா? யோசியுங்கள்.

உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு சோலையிடம் போனேன். "உங்கப்பா மாப்பிள்ளையை வெட்டப் போறாருடி. அடிச்சவன் பேரை எழுதிரட்டுமா?" என்றேன். அவள் உதடு வெளுத்துவிட்டது. "அவரு அடிக்கலைன்னு மட்டும் எழுதுங்க அத்தை. பேரைச் சொன்னா எங்கப்பா அவனைக் கொன்னே போடும். ஒரு உசுருக்கு இன்னொரு உசுரா?" என்றாள்.

அவள் அனுமதித்தது அவ்வளவுதான். அதை எழுதுகிறேன்: அடித்தது சிவனாண்டி இல்லை.

இதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதினாலும் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். பேனாவை மூடுகிறேன், திறக்கிறேன், மறுபடி மூடுகிறேன். உங்கள் காலில் விழ வேண்டுமானாலும் விழுகிறேன். மாப்பிள்ளை மேல் கை வைக்காதீர்கள். சோலையை நாளைக்கு வீட்டுக்கு அனுப்புகிறோம்.

சீனியம்மாள்

கீழமாரட் வீதி
29-1-1979

அவன் இல்லை என்கிறாய். பிறகு யார் என்றால் வாயை மூடிக்கொள்கிறாய். சரக்கைக் காட்டாமல் விலை மட்டும் சொல்கிறவனிடம் நான் வாங்கியதில்லை. புருஷனைக் காப்பாற்ற அவள் பொய் சொல்கிறாள். அவளுக்காக நீ சொல்கிறாய்.

சாயங்கால பஸ்ஸில் போகிறேன். இனி உனக்கு எழுத ஒன்றும் இல்லை.

மொக்கையன்

கொட்டாம்பட்டி
1-2-1979

சீனியம்மா,

லாரிக்காரன் பேச்சிமுத்து இதைக் கொண்டு வந்து கொடுப்பான். பதிலை அவன் கையிலேயே கொடு. நான் இங்கே பழைய சிநேகிதன் ஒருவனுடைய கடலைக் குடோனில் ஒளிந்திருக்கிறேன். போலீஸ் தேடுகிறது.

நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். கூட ஆள் யாரையும் அழைத்துப் போகவில்லை, என் சுமையை நானே தூக்கித்தான் பழக்கம். சிவனாண்டி கரும்புத் தோட்டத்தில் மடை திருப்பிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு, சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, "வாங்க மாமா. சோலை இப்பத்தான் கஞ்சி குடிச்சிச்சு" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. முதுகுப்பக்கம் செருகியிருந்த அரிவாளை எடுத்தேன்.

முதல் வெட்டு தோளில் விழுந்தது. "மாமா, நான் இல்லை மாமா" என்றான். "அப்ப எவன்டா? பேரைச் சொல்லு, விட்டுர்றேன்." வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான். "சோலைக்கு வாக்குக் குடுத்திருக்கேன். என்னால சொல்ல முடியாது" என்றான். நீயும் அவனும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி. இரண்டாவது ஓங்கினேன். தலைக்கு வந்ததை வலது கையால் தடுத்தான். மணிக்கட்டுக்கு மேலே இறங்கியது. கை தோலில் தொங்கியது. வாய்க்கால் தண்ணீர் சிவப்பாகப் பாத்திக்குள் போனது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது.

அப்போது சோலை வரப்பில் ஓடி வந்தாள். மாவுக்கட்டுக் கையால் என் வாயில் அடித்தாள். முன்பல் இரண்டு போயிற்று. சேலையைக் கிழித்து அவன் கையைச் சுற்றிக்கொண்டே கத்தினாள்:

"அடிச்சது உன் மவன்! உன் மவன் பால்பாண்டி! மாடு பிடிபட்ட ஆத்திரத்துல குடிச்சுட்டு இவரை அடிக்க உலக்கையைத் தூக்கிட்டு வந்தான். நான் குறுக்க விழுந்தேன். விழுந்த பொறகும் விடலை, 'நீயும் அவன் கூடச் சேந்துகிட்டு சிரிச்சேல்ல'ன்னு சொல்லிச் சொல்லி அடிச்சான். தெரிஞ்சா நீ அவனை வெட்டிருவேன்னுதான் இம்புட்டு நாளும் மறைச்சேன். இப்ப யாரை வெட்டிருக்க பாரு!"

அவளைத் தொடப் போனேன். கீழே கிடந்த அரிவாளை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் ஓடினேன்.

அன்று ராத்திரியே கடைக்குப் போனேன். கல்லாவில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்தவன் புண்ணாக்கு நிறுத்துக்கொண்டிருந்தான். தராசுத் தண்டை உருவி முதுகில் இரண்டு போட்டேன். மூட்டைக்கு நடுவில் விழுந்து, "அப்பா, அடிக்காதப்பா" என்று கையைக் கூப்பினான். மூன்றாவது ஓங்கிய தண்டு இறங்கவில்லை. போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். சிவனாண்டி பிழைப்பானா? என் பேரைச் சொல்லிவிட்டானா?

மொக்கையன்

திருநகர்
3-2-1979

அண்ணனுக்கு,

அவரை முதலில் எங்களிடம்தான் தூக்கி வந்தார்கள். ரத்தத்தை நிறுத்தி, நானே கூடப் போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அவர் எப்படி இருக்கிறார், என்ன சொன்னார் என்று அவர் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டேன். கேட்டேன். தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. அரிவாள் எடுத்தவருக்கு இது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

ஆனால் சோலை உங்கள் பேரைச் சொல்லிவிட்டாள். அதை அவளே உங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னாள்.

எனக்குத் தூக்கம் இல்லை. அந்த ஒரு பேரை எழுதியிருந்தால் ஒரு கை மிஞ்சியிருக்கும் என்று தோன்றுகிறது. எழுதியிருந்தால் பால்பாண்டிக்குக் கழுத்தே மிஞ்சியிருக்காது என்றும் தோன்றுகிறது. பிறகு இன்னொன்று தோன்றுகிறது. மாப்பிள்ளை மேல் உடனே இறங்கிய அரிவாள், மகன் என்றதும் தராசுத் தண்டாக மாறியது. அந்தத் தண்டும் மூன்றாவது அடியில் நின்றுவிட்டது. அடுத்தவர் பெற்ற பிள்ளைக்கும் கையைக் கூப்பத் தெரியும் அண்ணே. நீங்கள் கூப்ப விடவில்லை.

மேலூர் ஸ்டேஷன் உங்களுக்குப் பக்கம்தான். நீங்களாகப் போய் நில்லுங்கள்.

சீனியம்மாள்

கீழமாரட் வீதி
11-7-1979

தங்கச்சி சீனியம்மாளுக்கு,

சரணடைந்து, உள்ளே இருந்து, ஜாமீனில் வந்திருக்கிறேன். தினம் காலையில் ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். கடையைப் பால்பாண்டி பார்த்துக்கொள்கிறான். கேஸ் அடுத்த வாரம் செஷன்ஸ் கோர்ட்டில் வருகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். என் வக்கீல் கெட்டிக்காரர். "மருமகன் தினம் உங்க மகளை அடிச்சு மண்டையை உடைச்சான். தகப்பன் மனசு தாங்காம வெட்டிட்டீங்க. அப்படித்தான் கேஸை நடத்தணும். தண்டனை பாதியாக் குறையும். உங்க மகன் பேரும் உள்ள வராது" என்கிறார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். தப்புத்தான். தெரிந்தேதான் சொன்னேன். சிவனாண்டிக்குக் கை போய்விட்டது, அது இனித் திரும்பி வராது. அவனை ஊர் என்ன சொன்னால் என்ன? என் மகன் வெளியில் இருந்தால் கடையாவது நிற்கும். போனதை விட்டுவிட்டு இருப்பதைக் காப்பாற்றுகிறவன்தான் வியாபாரி.

இதற்கு எதிராக இருப்பது ஒன்றே ஒன்று. சோலையின் கேஸ் ஷீட்டு. அதில் டாக்டரம்மா பால்பாண்டி பேரை எழுதியிருக்கிறார். கோர்ட்டு அதைக் கேட்டு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறது என்று வக்கீல் சொன்னார்.

அன்றைக்கு எனக்குக் காட்ட மாட்டேன் என்றாய். நோயாளி சொன்னது வாசல் தாண்டக் கூடாது என்று எழுதினாய். நீ சொன்னதுதான் சரி என்று இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். நானே உன் கட்சிக்கு வந்துவிட்டேன். அதையே கோர்ட்டிலும் சொல். பெற்றவனுக்கே காட்டாததை ஊரான் ஒருவனுக்கு ஏன் காட்ட வேண்டும்? கறுப்புக் கோட்டுப் போட்டிருந்தால் போதுமா? காட்ட மாட்டேன் என்று சொல்ல முடியாவிட்டால், மழையில் நனைந்துவிட்டது, கரையான் தின்றுவிட்டது என்று சொல். பழைய காகிதத்தை யார் தேடப் போகிறார்கள்?

கூடப் பிறந்தவனாகக் கேட்கிறேன். நான் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் உள்ளே இருக்கிறேன். பால்பாண்டி தாங்கமாட்டான்.

மொக்கையன்

திருநகர்
14-7-1979

அண்ணனுக்கு,

நீங்கள் என் கட்சிக்கு வரவில்லை. அன்றைக்கு நான் ஆஸ்பத்திரிக்காக அதை மூடி வைக்கவில்லை, உங்களிடமிருந்து மறைக்க வேண்டும் என்றும் வைக்கவில்லை. அது சோலையுடையது. அவள் உடம்பு, அவள் பட்ட அடி, அவள் சொன்ன வார்த்தை. மூடு என்றாள், மூடினேன். திற என்றால் திறப்பேன். இடையில் நீங்களும் நானும் யார்?

உங்கள் கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். இது என்னிடம் வந்த கடிதம்தான், ஆனால் அவளைப் பற்றியது. அவள் படிக்க வேண்டியது. முழுவதும் படித்தாள். "அவனை ஊர் என்ன சொன்னால் என்ன" என்ற இடத்தில் விரலை வைத்து மறுபடி படித்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தார். இன்னும் சரியாக வரவில்லை, பாதி கீழே சிந்துகிறது. அவர் இடது கையால் சாப்பிடுவதை நான் எழுதலாமா என்று கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க சின்னத்தை. மாமா தெரிஞ்சுக்கிரட்டும்" என்றார்.

ஊர் என்ன சொல்கிறது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பால்பாண்டி டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "பொண்டாட்டியை அடிச்சவனுக்கு எங்கப்பா சரியான தண்டனை குடுத்தாரு" என்று சொல்கிறான். மாப்பிள்ளை பஸ்ஸில் ஏறினால் பெண்கள் நகர்ந்து உட்காருகிறார்கள். இதையே கோர்ட்டில் உங்கள் வக்கீல் சொல்லி, ஜட்ஜ் எழுதிவிட்டால், அவர் சாகும் வரைக்கும் பெண்டாட்டியை அடித்த ஆள்தான். கை போனவருக்குப் பெயராவது மிஞ்சட்டும் என்கிறாள் சோலை.

தம்பி மேல் வைத்த பாசத்தில் அடியையும் வாங்கிக்கொண்டு மறைத்தவள், நேற்று ஸ்டேஷனுக்குப் போய் அவன் மேல் கேஸ் எழுதிக் கொடுத்துவிட்டாள். திரும்பி வரும் வழியில் ரோட்டோரம் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். அவளுக்கு இது சுலபமாக இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். இதையும் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

கேஸ் ஷீட்டு பத்திரமாக இருக்கிறது. நனையவில்லை, கரையான் தொடவில்லை. டாக்டரம்மாவும் நானும் கோர்ட்டுக்கு எடுத்து வருகிறோம். உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறேன். நீங்கள் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். ஆனாலும் சொல்வேன்.

சோலை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். டாக்டரம்மாவின் இங்கிலீஷை வரி வரியாகத் தமிழில் சொல்ல வேண்டுமாம். எலும்பு முறிந்த இடம், எந்தப் பக்கத்திலிருந்து அடி விழுந்தது, எதனால் விழுந்தது, அடித்தவன் பேர், எதையும் விடக் கூடாதாம். "எங்கப்பா கூண்டுல நின்னு முழுசாக் கேக்கட்டும் அத்தை. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கத்தானே அம்புட்டும் பண்ணுச்சு" என்றாள்.

சீனியம்மாள்